லியோன் நெசவாளர்கள் ஊரைப் பிடித்த பத்து நாள்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். 1831 நவம்பரில் பிரான்ஸின் லியோன் நகரைக் கைப்பற்றிய பட்டு நெசவாளர்கள், இங்கிலாந்தில் பொறிகளை உடைத்த லுடைட்டுகளைப் போல இயந்திரத்தை எதிர்த்தவர்கள்தானா என்பது ஒன்று. படையையே விரட்டிவிட்டு ஒரு பெரிய நகரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், பத்தே நாளில் சண்டை போடாமல் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இல்லை. தறி அவர்களுடைய சொந்தத் தறி, அவர்கள் வீட்டுக்குள் நின்ற தறி. அதை உடைத்தால் அடுத்த வேளைக்கு வழியில்லை. அவர்கள் கேட்டது ஒரு கூலிப் பட்டியல். எந்த ரகத் துணிக்கு அளவுக்கு எவ்வளவு கூலி என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். இரண்டாவது கேள்விக்கான பதிலும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது புரிய வேண்டுமென்றால், அந்த ஊரில் பட்டு நெசவு எப்படி நடந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

லியோன் இரண்டு ஆறுகள் கூடும் ஊர். ரோன் ஒரு பக்கம், சோன் ஒரு பக்கம். நடுவில் நாக்கு மாதிரி நீண்ட நிலத்தில் நகரம். நகரத்துக்கு வடக்கே செங்குத்தாக எழும் குன்றின் பெயர் க்ருவா ரூஸ். அந்தக் காலத்தில் குன்றின் மேல்பகுதி லியோனோடு சேராத தனி ஊர். லியோன் எல்லைக்குள் கொண்டுபோகும் உணவுப்பொருளுக்கும் மதுவுக்கும் வாங்கிய நுழைவு வரி அங்கே கிடையாது, அதனால் சாப்பாட்டுச் செலவு குறைவு. நெசவாளர்கள் கீழே இருந்த பழைய நெருக்கடியான தெருக்களை விட்டு மேலே ஏறிப்போய்க் குடியிருந்ததற்கு இது ஒரு காரணம். தறியின் உயரம் இன்னொரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

தொழிலில் மூன்று படி இருந்தது. உச்சியில் பட்டு முதலாளிகள். இவர்களிடம் தறி கிடையாது, ஆலை கிடையாது. பட்டு நூலும் டிசைனும் வெளிநாட்டு ஆர்டரும் இவர்களிடம் இருந்தன. நம் ஊரில் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலையாக நெய்து வாங்கிக்கொள்ளும் மாஸ்டர் வீவரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே இடம். நடுவில் தறிக்காரர்கள், சுமார் 8,000 பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு முதல் ஆறு தறி வரை சொந்தமாக இருக்கும். ஒன்றில் அவரே உட்கார்ந்து நெய்வார், ஒன்றில் மனைவியோ மகனோ. மீதித் தறிகளில் கூலி நெசவாளர்கள். இவர்கள்தான் மூன்றாவது படி, எண்ணிக்கையில் மற்ற எல்லோரையும் விட அதிகம். முதலாளி கொடுக்கும் கூலியில் பாதி தறிக்காரருக்கு, பாதி நெய்தவருக்கு. தறிக்காரர் தன் பாதியில் வீட்டு வாடகை கட்ட வேண்டும், விளக்கெண்ணெய் வாங்க வேண்டும், தறியைச் சீர்செய்ய வேண்டும், புது டிசைன் வந்தால் தறியை அதற்கு ஏற்றபடி கட்டி முடிக்கும் வரை வருமானமில்லாமல் காத்திருக்கவும் வேண்டும்.

இந்த நெசவாளர்களை ஊரில் 'கானூ' என்றார்கள். தார்க்குச்சியைக் குறிக்கும் 'கானெத்' என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவது உண்டு. ஊரார் வாயில் அது கொஞ்சம் இளக்காரமான சொல்லாகத்தான் புழங்கியது. அது அவர்களுக்கு உறுத்தியது. நெசவாளர்களே நடத்திய வாரப் பத்திரிகை ஒன்று, இதைவிட மரியாதையான பெயர் சொல்லுங்கள் என்று 1832இல் வாசகர்களிடையே ஒரு போட்டியே வைத்தது. தங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்ய நினைத்த கூட்டம் இது. இவர்களைப் பசியில் வெறிபிடித்து ஓடிய கும்பலாக எழுதிவைத்த பழைய வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் போட்டிதான் ஞாபகம் வரும்.

வீடு எப்படி இருந்தது? ஒரே பெரிய அறை. கூரை சுமார் நான்கு மீட்டர் உயரம். தறிக்கு மேலே, பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி நிற்க அவ்வளவு உயரம் வேண்டும். வெளிச்சத்துக்காக உயரமான ஜன்னல்கள், ஜன்னலை ஒட்டித் தறிகள். உத்தரங்கள் வெளியே தெரியும், அவற்றில் கட்டை கொடுத்துத் தறியை ஆடாமல் நிறுத்தியிருப்பார்கள். அறையின் பின்பக்கம் சமையல் மூலை. அதற்கு மேலே பலகை அடித்த ஒரு பரண், ஏணி வைத்து ஏற வேண்டும். குடும்பம் தூங்குவது அங்கே. கூலி நெசவாளரும் பல வீடுகளில் அங்கேயேதான் தங்கிச் சாப்பிட்டார். குழந்தைகளும் பெண்களும் தார் சுற்றுவார்கள். விடியற்காலையிலிருந்து ராத்திரி விளக்கு அணையும் வரை தறிச் சத்தம். தெருவில் நடந்தாலே ஊருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதைக் காதால் தெரிந்துகொள்ளலாம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சுலபமாகப் புரியும். தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். மிதியை அழுத்தினால் ஒரு அட்டை நகரும். துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. அந்தப் பெட்டிக்கு ஜக்கார்டு என்று பெயர் கொடுத்த மனிதர், ஜோசப் மரி ஜக்கார்டு, இதே லியோனில் 1752இல் பிறந்தவர். அவருடைய தறி வருவதற்கு முன் பூவேலை நெய்யும்போது, தறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை நின்று மேலிருந்து வரும் கயிறுகளைக் கணக்காக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க. 1804 வாக்கில் ஜக்கார்டு தறி வந்தபோது முதலில் எதிர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் 1831க்கு வருவதற்குள் அந்தத் தறி குன்று முழுக்கப் பரவிவிட்டது. கடன் வாங்கி அதை வாங்கிப் போட்டவர்கள் தறிக்காரர்களே. நெசவாளர் கலகம் என்றதும் 'இயந்திர எதிர்ப்பு' என்று எழுதிவிடுகிறவர்கள் இந்த இருபத்தைந்து வருடங்களைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

சொல்லப்போனால் லுடைட்டுகளைப் பற்றியே அந்தப் பேச்சு முழு உண்மை இல்லை. 1811இல் நாட்டிங்காம் பக்கம் உடைபட்ட காலுறை பின்னும் பொறிகள் புதியவை அல்ல, இருநூறு வருடங்களுக்கு மேலாகப் புழக்கத்தில் இருந்தவை. பெரும்பாலும் அவை தொழிலாளருக்குச் சொந்தமானவை அல்ல, வாடகைக்கு எடுத்தவை. கூலியைக் குறைத்தவர்கள், பெரிய துணியாகப் பின்னி வெட்டித் தைத்து மட்டமான சரக்கு விற்றவர்கள், இவர்களுடைய பொறிகளைத் தேடிப்பிடித்துத்தான் உடைத்தார்கள். பக்கத்திலேயே வழக்கமான கூலி கொடுப்பவரின் பொறியைத் தொடாமல் விட்டதும் உண்டு. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 1808இல், லங்காஷயர் பருத்தி நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் கேட்டு மனு போட்டார்கள். நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. மான்செஸ்டரில் கூடிய நெசவாளர்கள் மேல் குதிரைப்படை ஏவப்பட்டு ஒருவர் செத்தார். பொறியை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் சட்டம் வந்தது, 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். கூலிக்கு ஒரு கீழ் எல்லை வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் அடியில் இருந்தது. சரி, லியோனுக்குத் திரும்புவோம்.

கூலி எப்படி முடிவாகும் என்பதில்தான் எல்லா வயிற்றெரிச்சலும். தறிக்காரர் குன்றிலிருந்து இறங்கி முதலாளியின் கடைக்குப் போவார். அங்கே கம்பி போட்ட ஒரு தடுப்புக்குள் நின்று காத்திருக்க வேண்டும். நெசவாளர்கள் அதைக் கூண்டு என்றே சொன்னார்கள். முறை வந்ததும் பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து கொண்டுவந்தால் துணியை எடை போட்டு வாங்குவார்கள். குறைந்த எடைக்குப் பிடித்தம். இழை தவறியிருந்தால் பிடித்தம். கூலி இவ்வளவுதான், வேண்டாமென்றால் பின்னால் நிற்பவர் எடுத்துக்கொள்வார் என்பார்கள். தராசும் அவர்களுடையது, கணக்கு எழுதும் பேனாவும் அவர்களுடையது. 1825க்குப் பிறகு வந்த வணிகச் சரிவில் கூலி இறங்கிக்கொண்டே போனது. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து நெய்தும் ரொட்டிக்கும் வாடகைக்கும் எட்டாத நிலை சாதா நெசவில் இருந்தவர்களுக்கு.

தகராறு தீர்க்க ஒரு சபை இல்லாமல் இல்லை. 1806லேயே லியோனில் தொழில் வழக்கு மன்றம் ஏற்பட்டது, பிரான்ஸிலேயே முதலாவது. அதில் முதலாளிகள் ஐந்து பேர், தறிக்காரர்கள் நான்கு பேர். கூலி நெசவாளருக்கு இடமே இல்லை. அந்த ஐந்துக்கு நான்கு என்ற கணக்கைச் சட்டமாகவே எழுதிவைத்திருந்தார்கள்.

அப்புறம், சேர்ந்து கேட்பதே குற்றம். 1791இல், புரட்சி நடந்துகொண்டிருந்தபோதே, ல் ஷப்பலியே சட்டம் வந்து தொழிற்கூட்டுகளைத் தடைசெய்தது. சுதந்திரம் என்றால் தனி மனிதனும் தனி மனிதனும் ஒப்பந்தம் செய்துகொள்வது, நடுவில் யாரும் நிற்கக் கூடாது என்பது அதன் வாதம். ஒருவனுக்குப் பின்னால் பட்டு மூட்டையும் வங்கிக் கடனும் நிற்கின்றன, இன்னொருவனுக்குப் பின்னால் பசித்த குடும்பம் நிற்கிறது என்பது அந்த வாதத்தில் வராது. 1810 தண்டனைச் சட்டம் இருபது பேருக்கு மேல் சேரும் எந்தச் சங்கத்துக்கும் அரசு அனுமதி கட்டாயம் என்றது. பியர் ஷார்னியே என்ற தறிக்காரர் 1828இல் பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கியபோது, உறுப்பினர்களை இருபதுக்குக் குறைவான குழுக்களாகப் பிரித்துத்தான் சட்டத்திலிருந்து தப்பித்தார்கள். இந்த ஷார்னியே புரட்சிக்காரர் இல்லை. பக்தியுள்ள கத்தோலிக்கர், பழைய அரச வம்சத்தின் ஆதரவாளர். அவருக்கே தறிக்காரர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று பட்டிருக்கிறது.

இதற்கு நடுவில் 1830 ஜூலையில் பாரிஸில் புரட்சி. பத்தாம் சார்ல் ஓடிப்போனார், லூயி பிலிப் மன்னரானார். மக்கள் ஆட்சி வந்துவிட்டது என்று லியோனிலும் கொண்டாடினார்கள். என்ன வந்தது? வருடத்துக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுகிறவருக்கு ஓட்டு. மூன்று கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாட்டில் வாக்காளர் இரண்டு லட்சம்கூட இல்லை. பட்டு முதலாளிகளில் பலருக்கு ஓட்டு இருந்தது, நெசவாளர்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் புரட்சி ஒன்றைத் தெரியாமல் கொடுத்துவிட்டது. தேசியக் காவல் படை மறுபடி உயிர்பெற்றது. குடிமக்களே துப்பாக்கியோடு அணிவகுக்கும் படை. லியோனின் ஒரு பிரிவில் பெரும்பாலும் முதலாளிகளும் கடைக்காரர்களும் இருந்தார்கள். க்ருவா ரூஸ் பிரிவிலோ தறிக்காரர்கள். இரு தரப்பு வீட்டிலும் துப்பாக்கி இருந்தது.

1831 மே மாதம் லியோனுக்கு ஆட்சியராக வந்தவர் பூவியே துமோலார். நெப்போலியன் காலத்திலேயே நிர்வாகத்தில் இருந்தவர். அக்டோபரில் நெசவாளர்கள் கூலிப் பட்டியல் கேட்டு மனு கொடுத்தபோது, சட்டப்படி இது உன் வேலை இல்லை என்று யாரும் சொல்லியிருக்கக் கூடிய நிலையிலும், அவர் இரு தரப்புப் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். அதற்கு முன்மாதிரியும் இருந்தது, 1811இல் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள்.

அக்டோபர் 25. இந்த நாள்தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் முக்கியமான நாள், நவம்பர் சண்டையை விடவும். ஆட்சியர் மாளிகைக்குள் பேச்சுவார்த்தை நடக்கிறது. குன்றிலிருந்து நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வருகிறார்கள். வரிசை வரிசையாக, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் முன்னால் நடக்க, கையில் ஆயுதம் இல்லாமல், கோஷம் இல்லாமல். சதுக்கத்தில் வந்து நிற்கிறார்கள். கலையச் சொன்னதும் ஒழுங்காக விலகிப் போய் நிற்கிறார்கள். உள்ளே பட்டியல் கையெழுத்தாகிறது, நவம்பர் 1 முதல் அமல் என்று. அன்றிரவு க்ருவா ரூஸில் விளக்கேற்றிப் பாட்டும் ஆட்டமும். அந்தப் பட்டியல் தந்த உயர்வு பெரியதில்லை. நாளைக்கு இந்தக் கூலி இறங்காது என்ற உறுதிதான் அவர்களை ஆட வைத்தது.

கொண்டாட்டம் நீண்ட நாள் நிற்கவில்லை. 104 முதலாளிகள் கையெழுத்திட்டுப் பட்டியலை எதிர்த்து அரசுக்கு எழுதினார்கள். கட்டாயக் கூலி என்பது ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு விரோதம், வெளிநாட்டுப் போட்டியில் நாங்கள் அழிவோம் என்றார்கள். மொத்த முதலாளிகளில் இவர்கள் சிறுபான்மைதான், ஆனால் மற்றவர்களும் பின்வாங்கினார்கள். பாரிஸில் பிரதமர் கசிமிர் பெரியே முதலாளிகள் பக்கம். ஆட்சியர் இறங்கி வந்து, அந்தப் பட்டியல் சட்டக் கட்டாயம் அல்ல, நாணயத்துக்குக் கட்டுப்பட்ட வாக்குறுதிதான் என்றார். தொழில் மன்றத்துக்குப் போன தறிக்காரர்களுக்குப் பட்டியல்படி கூலி வாங்கித் தர இனி யாரும் இல்லை.

நவம்பர் 21, திங்கட்கிழமை. காலையில் நூற்றுக்கணக்கான நெசவாளர்கள் க்ருவா ரூஸ் தெருக்களில் வீடு வீடாகப் போய் ஓடிக்கொண்டிருந்த தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு நகரத்தை நோக்கி, கிராந்த் கோத் என்ற சரிவுத் தெரு வழியாக இறங்கினார்கள். கீழே மறித்து நின்றது தேசியக் காவல் படையின் முதலாளிகள் பிரிவு. கூண்டுக்கு உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் அன்று தெருவில் எதிரெதிரே நின்றார்கள், முகம் தெரிந்தவர்கள். காவல் படை சுட்டது. நெசவாளர்களில் சிலர் அங்கேயே விழுந்தார்கள். மற்றவர்கள் மேலே ஓடி, நம் சகோதரர்களைக் கொல்கிறார்கள் என்று கத்தினார்கள். தெருவெல்லாம் தடுப்பு எழுந்தது. க்ருவா ரூஸின் காவல் படை துப்பாக்கியோடு நெசவாளர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. கறுப்புக் கொடி ஏறியது. அதில் எழுதியிருந்த வாசகம்: உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்.

அந்த வாசகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். ராஜா ஒழிக என்று இல்லை, குடியரசு வாழ்க என்று இல்லை. உழைப்பதற்கு வழி கேட்கிறது.

சமாதானம் பேசக் குன்றின் மேலே போன ஆட்சியரையும் ஒரு தளபதியையும் பிடித்துவைத்து, பிறகு விட்டுவிட்டார்கள். 22ஆம் தேதி நாள் முழுக்கச் சண்டை. மற்றக் குடியிருப்புகளின் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். படை முகாம்கள் விழுந்தன. நுழைவு வரிச் சாவடிகளை எரித்தார்கள். குன்றின் சரிவில் ஒரு வீட்டு வாசலில் நுழைந்து, முற்றம் வழியாகப் படியிறங்கி அடுத்த தெருவில் வெளியே வரும் குறுக்கு நடைகள் ஏராளம். மழையில் பட்டு நனையாமல் கொண்டுபோக அவை உதவும். அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு அவை உள்ளங்கை மாதிரி, வெளியூர் சிப்பாய்க்கு அது புதிர். அன்றிரவு தளபதி ரொகே படையோடு நகரத்தை விட்டு வெளியேறினார். இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 600 பேர்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 23ஆம் தேதி விடிவதற்கு முன் நெசவாளர்கள் நகர மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பிரான்ஸின் இரண்டாவது பெரிய நகரம் அவர்கள் கையில். அங்கே குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் தங்களைத் தலைமைக் குழு என்று அறிவித்துக்கொண்டு, பழைய அதிகாரிகள் வேண்டாம், மக்களே தங்கள் ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற தொனியில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். நெசவாளர் தலைவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இது எங்கள் பேச்சு அல்ல என்று விலகினார்கள். ஆட்சியரை மாளிகையிலேயே இருக்க விட்டு, அவரோடு சேர்ந்து ஊரின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டார்கள். நாணயச் சாலைக்கும் வரிக் கருவூலத்துக்கும் வாசலில் கிழிந்த சட்டையோடு நெசவாளர்கள் துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றார்கள். பணம் உள்ளே இருந்தது, அவர்கள் வெளியே நின்றார்கள். கொள்ளையடித்தவர்களைத் தாங்களே தண்டித்தார்கள். நெசவாளர்களுக்கு எதிராக எழுதியவர்கள்கூட இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு வியந்தார்கள், முதலாளிகளும் மறுக்கவில்லை.

இதை அறியாமை என்று சொன்னவர்கள் உண்டு. ஆட்சி கையில் வந்தும் என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எழுந்தது, கொடுத்த வாக்கை முதலாளி காப்பாற்ற வேண்டும், ஆட்சியர் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதற்காக. பட்டியல் செல்லுபடியாக முதலாளி இருக்க வேண்டும், ஆட்சியர் இருக்க வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும். ஓடிப்போன முதலாளி கூலி கொடுக்க மாட்டார். நகர மண்டபம் கையில் இருந்து என்ன, பட்டு நூல் எங்கிருந்து வரும், நெய்த துணியை யார் வாங்குவார்கள்? தறிக்காரர் பாதி தொழிலாளி, பாதி சிறு உடைமையாளர். அவருக்குத் தேவைப்பட்டது நியாயமான முதலாளி, முதலாளி இல்லாத உலகம் அல்ல. அந்தத் தேவையை அன்று எந்த அரசியல் கட்சியும் பேசவில்லை. குடியரசுக்காரர்களிடம்கூடக் கூலியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மன்னர் நியாயம் செய்வார் என்று உண்மையாகவே நம்பினார்கள். ஒரு வருடத்துக்கு முன்புதான் மக்கள் தடுப்புச் சண்டை போட்டு அவரை அரியணையில் உட்கார வைத்தார்கள். அவர் மகன் ஒர்லேயான் கோமகனும் மார்ஷல் சூல்ட்டும் சுமார் 20,000 படையோடு வந்து டிசம்பர் 3 அன்று லியோனுக்குள் நுழைந்தபோது ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. நெசவாளர்கள் தறிக்குத் திரும்பியிருந்தார்கள்.

கிடைத்த பதில் இது. பட்டியல் ரத்து. ஆட்சியர் பூவியே துமோலார் பதவி நீக்கம். தேசியக் காவல் படை கலைப்பு, துப்பாக்கிகள் பறிமுதல். க்ருவா ரூஸை லியோனிலிருந்து பிரித்துக் கட்டுப்படுத்தக் கோட்டையும் மதிலும். எல்லையைக் காக்கக் கட்டும் கோட்டையின் பீரங்கி வெளியே பார்க்கும், இது நெசவாளர் குடியிருப்பையும் பார்த்தது. கைதானவர்களில் சிலர் மேல் மட்டுமே வழக்கு நடந்தது, 1832 ஜூனில் அவர்கள் விடுதலையானார்கள். அதற்குள் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் சேன் மார்க் ஜிரார்தேன் எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. சமுதாயத்தை மிரட்டும் காட்டுமிராண்டிகள் காகசஸ் மலையில் இல்லை, நம் தொழில் நகரங்களின் புறநகர்களில் இருக்கிறார்கள் என்று அதில் எழுதினார். கருவூல வாசலில் காவல் நின்றவர்களைப் பற்றி எழுதியது அது.

மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1834 பிப்ரவரியில் ஒரு ரகத் துணிக்குக் கூலியைக் குறைத்தார்கள், ஊர் முழுக்கத் தறி நின்றது, ஆனால் வேலைநிறுத்தம் தோற்றது. அதே சமயம் பாரிஸில் சங்கங்களை இன்னும் இறுக்கும் சட்டம் வந்துகொண்டிருந்தது. இருபதுக்குக் குறைவான குழுக்களாகப் பிரிந்து இயங்கிய பழைய தந்திரத்தையும் அது அடைத்தது. அதாவது பரஸ்பர உதவிச் சங்கமே இனி இருக்க முடியாது. கூலியும் அரசியலும் வேறு வேறு என்று 1831இல் நினைத்தவர்களுக்கு இப்போது வேறுவிதமாக நினைக்க இடமே விடவில்லை. வேலைநிறுத்தத் தலைவர்களின் வழக்கு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 9 அன்று வெடித்த எழுச்சியில் நெசவாளர்களோடு குடியரசுக்காரர்களும் தடுப்புகளில் நின்றார்கள். இந்த முறை படை தயாராக இருந்தது. சுமார் ஆறு நாள் பீரங்கியால் வீடுகளையே தகர்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த வருடம் பாரிஸில் மேலவை முன் நடந்த விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அதை ராட்சத வழக்கு என்றார்கள். நெசவாளர்களின் பத்திரிகையும் 1834இல் நின்றுபோனது. அந்த ஆகஸ்டில் ஜக்கார்டும் இறந்தார்.

ஆக, லியோன் எழுச்சியை ஒரு வரியில் இயந்திரப் பகை என்றோ அரசியல் புரட்சி என்றோ எழுத முடியாது. 1831இல் அது கூலித் தகராறு. அந்தத் தகராறுக்கு நியாயமான வழி இருந்த ஒவ்வொரு கதவையும் அரசு சாத்திய பிறகுதான், ஓட்டும் குடியரசும் தங்கள் தறியோடு சம்பந்தப்பட்டவை என்று நெசவாளர்கள் கண்டுகொண்டார்கள். லுடைட்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் சார்ட்டிஸ்டுகள் ஓட்டுரிமை கேட்டு லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கியதும், 1844இல் பிரஷ்யாவின் சிலேசியா பகுதி நெசவாளர்கள் எழுந்ததும் இதே பாதையில் வெவ்வேறு இடங்கள்.

1848 பிப்ரவரியில் பாரிஸில் மறுபடி புரட்சி, லூயி பிலிப் ஓடினார். செய்தி லியோனுக்கு வந்ததும் க்ருவா ரூஸ் நெசவாளர்கள் திரண்டு இறங்கினார்கள். கோட்டைகளுக்குள் புகுந்தார்கள், பிறகு கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்து, தங்களையும் நகரத்தையும் பிரித்த மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த ஏப்ரலில் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, தறிக்காரருக்கும் கூலி நெசவாளருக்கும் சேர்த்து. மதில் முழுதாகப் போனது 1865இல்தான். அது நின்ற இடத்தில் இன்று மரம் வரிசைகட்டிய ஒரு அகலச் சாலை இருக்கிறது, காலையில் காய்கறிச் சந்தை கூடுகிறது.